இஞ்சினை அணைத்து இறங்கிய சரிவு

"மேட்டில் வண்டி ஏறவில்லை. இஞ்சின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. பொழுது போய்விட்டது. அக்கா சாப்பிடவில்லை."

1964 மார்ச் மாதத்து என் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. தேதி எழுதிய மூலையில் எண்ணெய் பட்டு எண் அழிந்துவிட்டது. மாதத் தொடக்கம் என்று மட்டும் சொல்ல முடியும்; ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மாதத் தொடக்கத்தில்தான் போவோம்.

அக்காவுக்கு முதுகெலும்பில் காசநோய். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை வேலூருக்குப் போய்க் கட்டைக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். விடாமல் வந்தால் நடப்பாள், விட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் நைனாவிடம் சொல்லியிருந்தார்; அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவள் உட்காரக் கூடாது, படுத்தபடியே போய் வர வேண்டும். எங்கள் ஊரான செஞ்சிக்கு ரயில் கிடையாது. வாடகைக் கார்களின் பின்சீட்டில் அவளை மடக்காமல் கிடத்த முடியாது. அதனால்தான் நைனா புதுச்சேரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் அந்தப் பழைய அமெரிக்க வண்டியை வாங்கினார். பின்பக்கம் நீளமானது, சீட்டை மடித்துவிட்டு மெத்தை போட்டால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதில் கிளட்ச் பெடல் இல்லை. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். இந்த ஜில்லாவில் அப்படி ஒன்றை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

நைனா மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். மண்டி லாரியைத் தானே ஓட்டுவார். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்தது. மேடு ஏறி முடிந்ததும் நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி, இஞ்சினை அணைத்துவிடுவார்கள். சரிவு தீரும்வரை வண்டி தானே உருளும், எரிபொருள் மிச்சம். புது வண்டியிலும் நைனாவின் கை அதையே செய்தது. முதல் தடவை அவர் அணைத்தபோது பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"நைனா, இன்னா பண்ண? அதிர்வே இல்லாம போவுது."

"இஞ்சின அணைச்சிருக்கேன். சரிவுதான."

"இப்படியே வேலூர் வரைக்கும் சரிவா இருந்தா நல்லா இருக்கும்."

இஞ்சின் ஓடும்போதெல்லாம் அந்த அதிர்வு கட்டுக்குள்ளே புகுந்து எலும்பில் கொதிக்கிறது என்பாள். அதன் பிறகு சின்னச் சரிவு வந்தாலும் அவள் "அணைச்சுடு நைனா" என்பாள், அவர் அணைப்பார். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து தலையணையைப் பிடித்துக்கொண்டு வருவேன். இறங்கும் நேரம் மட்டும் அவள் முகம் தளர்ந்திருக்கும். "ஆஸ்பத்திரிக்குப் போற மாரி இல்ல, சாமி ஊர்வலம் போற மாரி இருக்குது" என்று ஒரு தடவை சொன்னாள்.

குறிப்பில் சொன்ன அந்த நாள் நாங்கள் வேலூரை விட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை; நயினார் என்று அழைக்கப்படும் எங்கள் ஊர்ச் சமணர் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். நோயாளிக்கு அது இல்லை என்று நைனா எத்தனையோ முறை சொல்லியும் அக்கா கேட்கவில்லை. ஓடுகிற வண்டியில் படுத்தபடி சாப்பிட்டால் புரையேறும். ஆகவே பொழுது இருக்கும்போதே வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் நைனாவின் ஒரே கணக்கு.

திருவண்ணாமலை ரோடு செஞ்சிக் கோட்டைக்குள் நுழையுமுன் ஒரு மேடு உண்டு. பாதி மேட்டில் வண்டி நின்றது. நைனா மிதிக்க மிதிக்க இஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது, வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. எங்களுக்குப் பின்னே மேற்கில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார், மறுபடி மிதித்தார். அதே கத்தல்.

ஓரமாக ஒதுக்குவதற்கு ரிவர்ஸ் போட்டார். ரிவர்ஸில் வண்டி திமிறிக்கொண்டு போயிற்று. நைனா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சமதரையில் வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை மேட்டுப் பக்கம் வைத்து, ரிவர்ஸிலேயே ஏற்றினார்.

எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இன்னா நயினாரே, ஊருக்கு வர்றீங்களா, ஊர விட்டுப் போறீங்களா?"

"ரெண்டும்தாண்டா. ஓரமா ஒதுங்கு."

அக்கா அவ்வளவு வலியிலும் சிரித்தாள். உச்சிக்கு வந்து வண்டியைத் திருப்பியதும், நைனாவின் கை பழக்கத்தில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தது. சத்தமில்லாமல் ஊருக்குள் இறங்கினோம். வீட்டு வாசலில் நின்றபோது பொழுது இல்லை. அவள் விடிந்துதான் சாப்பிட்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் பாயிடம் போனோம். அவர் கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"நயினாரே, ஒரு பெடல எவனோ கழட்டிகினு போயிட்டான்."

"வாங்கும்போதே ரெண்டுதான், பாய்."

"அப்ப கியர யாரு போடுறது?"

"அதுவே போட்டுக்குது."

"அதுவே போட்டுக்கும்னா நீங்க எதுக்கு, நான் எதுக்கு?"

ஆனால் அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். வண்டி ஆறியிருந்ததால் முன்னால் போயிற்று. பக்கத்துச் சிங்கவரம் வரை போய்ச் சூடேறியதும் நழுவ ஆரம்பித்தது. ரிவர்ஸ் மட்டும் அப்போதும் பிடித்தது. திரும்பி வந்து கியர்ப்பெட்டியின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி மோந்தார். அளவு சரியாகவே இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது.

"இஞ்சின்ல கோளாறு இல்ல. சக்கரத்துலயும் இல்ல. நடுவுலதான்."

"நடுவுல இன்னா இருக்குது?"

"அது அல்லாவுக்குத் தெரியும். அமெரிக்காகாரனுக்கும் தெரிஞ்சிருக்கலாம்."

புதுச்சேரியிலிருந்து அந்தச் சிவப்பு எண்ணெயை வரவழைத்துப் பழையதை வடித்து ஊற்றினோம். வடித்ததில் கறுப்பாகப் பொடி இருந்தது. பாய் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். சில நாள் வண்டி நன்றாகப் போனது. அப்புறம் சமதரையிலேயே நழுவத் தொடங்கியது.

நோயின் குறிகளை டாக்டருக்கு எழுதுவது போல வண்டியின் குறிகளை வரிசையாக எழுதி, சென்னையில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். பதில் வந்தது. உள்ளே இருக்கும் தகடுகள் எரிந்திருக்கின்றன. சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இப்போதைய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வராது. கடைசியில் ஒரு கேள்வி: இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் உண்டா? உண்டென்றால் அந்த நேரங்களில் தகடுகளுக்கு எண்ணெய் போய்ச் சேராமல் அவை தேய்ந்து எரிந்திருக்கக்கூடும்.

நைனா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைசி வரிய அவகிட்டச் சொல்லாத."

அன்று அக்கா கேட்டாள்: "லெட்டர்ல இன்னா போட்டிருக்குது நைனா?"

"பார்ட்ஸ் கிடைக்காதாம்."

"ஏன் கெட்டுச்சாம்?"

"பழைய வண்டிம்மா."

அவள் மேலே கூரை ஓடுகளைப் பார்த்தபடியே இருந்தாள். "பழசுன்னா எல்லாந்தான கெடணும். ரிவர்ஸ் மட்டும் எப்படி நல்லாப் போவுது?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "ரிவர்ஸ்லயே வேலூருக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லு. வந்து சேர்றதுக்குள்ள கட்டே தேவைப்படாது" என்றாள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் மண்டி லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு அவளைக் கொண்டுபோனோம். போளூர் வருவதற்குள் கட்டு விரிசல் விட்டுவிட்டது. வேலூரில் புதுக்கட்டு போட்டார்கள். திரும்பும்போது அதுவும் விரிந்தது. வீட்டில் இறக்கிக் கிடத்தியதும், "இனிமே என்னைத் தூக்காதீங்க" என்றாள். நைனா கெஞ்சினார். ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். மறுபடி அந்த லாரியில் ஏறமாட்டேன் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. காசநோய்க்கான ஊசியை ஊர் கம்பவுண்டர் வந்து போட்டார். விரிந்த கட்டுக்குள்ளே முதுகில் புண் வந்தது. 1965 ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நைனா எந்தச் சரிவிலும் இஞ்சினை அணைத்ததில்லை. லாரியைக் கியரிலேயே உறுமவிட்டு இறக்குவார். "பெரியவரு சொந்தமா பங்க் வச்சிருக்காரு போலக்குது" என்று லோடு ஏற்றுபவர்கள் அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அந்த அமெரிக்க வண்டி மண்டிக்குப் பின்னால் துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போயிற்று. அதன் காகிதங்களும் கூடவே போயின. அக்காவுக்குப் பிறகு நைனா அதிக வருஷம் இருக்கவில்லை.

அவரும் போன பின்பு, வாகனங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு விஷயம் படித்தேன். தானே கியர் மாற்றும் வண்டிகளில் எண்ணெயைத் தள்ளும் பம்ப் இஞ்சினால்தான் சுழலும். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பின்னால் இன்னொரு பம்ப் இருந்ததாம். அது சக்கரம் உருண்டாலே சுழலும். அப்படிப்பட்ட வண்டியில் இஞ்சினை அணைத்து இறங்கினாலும் தகடுகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். எங்கள் வண்டி அந்த வகை என்றால், நைனா அணைத்ததாலும் அவள் அணைக்கச் சொன்னதாலும் அது கெடவில்லை. பின்பம்ப் உள்ளதைத் தெரிந்துகொள்ள ஓர் அடையாளமும் அதில் போட்டிருந்தது: அந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும், மற்றதை முடியாது.

அந்த மேட்டுச் சம்பவத்துக்கு முந்தைய மாதம், போளூரில் பாட்டரி இறங்கி வண்டி நின்றது. அக்காவுக்கு இளநீர் வாங்க நான் கடைத்தெருப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் வியர்த்து நின்றார்கள். அவர்கள் தள்ளி ஸ்டார்ட் ஆகியிருக்கலாம். பக்கத்தில் பானெட்டைத் திறந்தபடி இன்னொரு காரும் நின்றது. அதன் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தும் ஸ்டார்ட் செய்திருக்கலாம். அன்று அதைக் கேட்க எனக்குக் காரணம் இருக்கவில்லை. பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் வண்டியில் இருந்த நைனாவும் அக்காவும் மட்டுமே; இருவரும் இப்போது இல்லை. போளூரில் எங்கள் வண்டி தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனதா என்பது இதுவரை எனக்கு உறுதிப்படவில்லை.