கேட் பாஸ் இல்லாத எஃகுத் துண்டு

பாரிமுனையில் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினேன். 1991 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. மடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் நூறு கேசட். பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார் கண்டக்டர். மடியில் இருப்பது எப்படி ஐயா லக்கேஜ் ஆகும் என்று கேட்டேன். பூந்தமல்லி வரை இருவரும் இதையே பேசிக்கொண்டு போனோம். எனக்கு நாலரை ரூபாய், பெட்டிக்கு ஒரு ரூபாய். தோற்றது நான்தான்.

அப்போது வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட் ஒரகடம் பக்கத்து நாலு பேருடையது. ஹவாயன் கிட்டார் குழு. ஹவாய்த் தீவை அவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, விரல் நீளத்தில் ஓர் உருளை எஃகுத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிப்பார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இழைந்து போகும் அந்த ஒலி. மாதா பாட்டு நாலு, தீவு மெட்டு இரண்டு, சொந்த மெட்டு ஆறு. இது அவர்களுடைய முதல் கேசட். மாலை ஆறு மணிக்கு ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில், மாதா கோயில் மைதானத்தில் வெளியீடு, கூடவே கச்சேரி.

மணி இரண்டரை. நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட பஸ் ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒரகடம் பஸ். ஏரி, கருவேலம், பொட்டல், திடீரென்று ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர், மறுபடியும் பொட்டல். குழுவின் தலைவர் அந்தோணி வேலை பார்க்கும் தொழிற்சாலை வழியில்தான். மூன்றரைக்கு ஷிப்டு முடியும், கேட்டிலேயே காத்திருங்கள், சேர்ந்து போகலாம் என்று கடிதம் போட்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் டீக்கடையில் அவர் மனைவி செல்வி நின்றிருந்தார். குழுவில் ரிதம் கிட்டார் அவர்தான். இரண்டு கிட்டாரையும் போர்வையில் சுற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். மூன்றரைக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மூன்றே முக்காலுக்குக் கூட்டம் வடிந்தது. அந்தோணியைக் காணோம். நாலு மணிக்கு அவருடன் லைனில் நிற்கும் ஒருவர் வந்து செல்வியிடம் தணிந்த குரலில் சொன்னார்: அந்தோணியைச் செக்யூரிட்டி பிடித்து வைத்திருக்கிறார்கள்.

செல்வி கிட்டார்களை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினார். பெட்டியோடு நானும் பின்னால் ஓடினேன்.

விஷயம் இதுதான். எஃகுத் துண்டில் ஒரு கீறல் விழுந்து, கம்பிமேல் கரகரத்திருக்கிறது. கச்சேரி நாளாயிற்றே என்று அந்தோணி அதைக் காலையில் சாப்பாட்டு டப்பாவில் போட்டு உள்ளே கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார். உள்ளே போகும்போது டப்பாவை யாரும் திறப்பதில்லை. வெளியே வரும்போது திறக்காமல் விடுவதில்லை. வெளியிலிருந்து ஓர் ஆணியைக் கொண்டுபோனாலும் கேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். கேட் பாஸ் இல்லாமல் ஒரு துண்டு இரும்பும் வெளியே வரக் கூடாது. ஒன்பது வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு இது தெரியாதா? கச்சேரி மயக்கத்தில் மறந்துவிட்டார். திருட்டு என்று பதிவேட்டில் ஏறினால் திங்கட்கிழமை வேலை இல்லை.

செக்யூரிட்டி அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். மேசைமேல் அந்தத் துண்டு கிடந்தது. அந்தோணி எதிரே நின்றார். இது யாருடையது என்று அதிகாரி கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். சென்னையில் வாத்தியக் கடையில் வாங்கியது, கூடப் போனவன் நானே என்றேன். பச்சைப் பொய். ஆனால் நன்றாகத்தான் சொன்னேன். அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

"கடைல வாங்கினதுன்னு சொல்லாதீங்க சார்" என்றார் அந்தோணி. "நான் லேத்துல புடிச்சது. நாலு வருஷம் முன்னால, இங்கியே, ஸ்க்ராப் ராடுல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். அவர் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைபவர். கடைசல் வேலையில் அவர் கைக்கு அந்தக் கம்பெனியில் பெயர் உண்டாம். கழிவு இரும்பில் தான் செய்ததைக் கடைச் சரக்கு என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை மனிதரால்.

அதிகாரி துண்டை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. "உண்மையச் சொன்னா விட்டுருவாங்கன்னு எவன்டே சொன்னான் உனக்கு?" என்றார் கடைசியில். திருடன் என்று எழுத அவருக்கும் மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 'கேட் அருகே கண்டெடுத்த ஸ்க்ராப், ஒன்று' என்று எழுதி, கண்டெடுத்தவர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். போட்டால் துண்டு இங்கேயே நின்றுவிடும். வேலை பிழைக்கும்.

அந்தோணி பேனாவை வாங்கவில்லை. வேலை போகும் என்றபோது அசையாதவர், ஸ்க்ராப் என்ற சொல்லைப் பார்த்துக் கண் கலங்கினார். வேறு மாதிரி எழுதக் கூடாதா என்று கேட்டார். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்விதான் பேசினார். "போடு. துண்டு பூட்டா இன்னொண்ணு புடிப்ப. வேலை பூட்டா எந்த லேத்துல புடிப்ப?"

போட்டார்.

மணி ஐந்து. துண்டு இல்லாமல் ஹவாயன் கிட்டார் வெறும் பலகை. எதிரே ஒரு மெக்கானிக் கடை இருந்தது. அந்தோணி நேராக அங்கே போய், பழைய சாமான் டப்பாவைக் கிளறினார். மோட்டார் சைக்கிள் பிஸ்டனுக்குள் போகும் எஃகுப் பின் ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, நகத்தால் தடவிப் பார்த்தார். அளவு கிட்டத்தட்ட சரி. ஆனால் குழல்போல் உள்ளே காலி, அதனால் எடை குறைவு என்றார். கடைக்காரர் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறே காலுக்குக் கச்சேரி தொடங்கியது. முந்நூறு பேர் இருப்பார்கள், பாதி பேர் ஷிப்டு உடுப்பில். முதல் பாட்டில் இரண்டு இடத்தில் அந்தப் பின் வழுக்கிச் சுரம் தப்பியது. செல்வி கணவரைப் பார்க்காமல் ரிதத்தை மட்டும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில் அந்தோணியின் கைக்கு எடை பழகிவிட்டது. ஜனங்கள் விசிலடித்தார்கள். ஒலி சற்று மெலிவு என்று எனக்கு மட்டும் தெரிந்தது. கேசட்டில் அந்தக் கனத்த ஒலியை மாதக்கணக்கில் கேட்டவன் அல்லவா? அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஏழே முக்கால் பஸ்ஸுக்கு அந்தோணியே கொண்டுவந்து விட்டார். அவருக்காக நான் சொன்ன பொய்க்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மன்னித்துவிட்டேன் சார் என்பதுபோல் தோளில் தட்டிவிட்டுப் போனார். கோபம் வந்தது. பூந்தமல்லி தாண்டியபிறகுதான் அது வெட்கம் என்று புரிந்தது.

அடுத்த வாரமே அந்தத் துண்டு ஸ்க்ராப் லாரியில் போய்விட்டதாகச் செல்வி எழுதியிருந்தார். உருகி இப்போது எந்த ஊரில் எந்த ஜன்னல் கம்பியோ. எங்கள் கூடத்தில் மைக் காணாமல் போனாலே ஒரு மாதம் யாரும் தேடுவதில்லை. அந்த எஃகு பாடிய ஐம்பது நிமிடம் மட்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டாலும் கேட் பாஸ் தர மாட்டேன்.