நாலாவது மட்டை

யாங்கோனில் அலோன் பேட்டைக் கிடங்குக்காரர்களின் பேஸ்பால் அணியில் பதினைந்து வருஷம் நாலாவதாக மட்டை பிடித்தவன் நான். பலமாக அடிப்பவனைத்தான் நாலாவதாக இறக்குவார்கள். அப்புறம் ஊர்ப் போட்டிகளில் புதிதாக ஓர் அணியைச் சேர்த்தார்கள். பழைய அணிகள் ஒவ்வொன்றும் அதற்கு இரண்டு பேரைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் அணி கொடுத்த இரண்டு பேரில் நான் ஒருவன். புது அணிக்கு அனுபவசாலி தேவை என்று தலைவர் என் தோளில் தட்டினார். தனக்கு வேண்டியதை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

புது அணியில் பாதிப் பேருக்குக் கையுறையை எந்தக் கையில் மாட்டுவது என்றே தெரியாது. முதல் வருஷம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நான் பந்தை வேலி தாண்டி அடித்த நாட்களிலும் தோற்றோம். ஆனாலும் ஞாயிறுதோறும் கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு பசுந்தாங்கிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்னைக் கழித்துக்கட்டிய அலோன்காரர்களை, நான் மட்டை பிடித்து ஒரு தரமாவது தோற்கடிக்க வேண்டும்.

மூன்றாவது வருஷம் அணி தேறிவிட்டது. போட்டி தொடங்குமுன் பெயர்ப்பட்டியலில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதுவரை என் பெயருக்கு முன்னால் ‘கோ’ என்றுதான் எழுதுவார்கள். தமிழில் கோ என்றால் அரசன். பர்மியருக்கு வெறும் அண்ணன். அன்று ‘ஊ’ என்று எழுதியிருந்தது. பெரிய மனிதர்களுக்குப் போடுவது. மூன்று வருஷம் உழைத்ததற்கு இப்போதாவது மரியாதை தெரிந்ததே என்று பூரித்து, மேலே கீழே பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் பர்மியத் தாய்க்குப் பிறந்தவள். பர்மிய எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும், அவள் கூட்டாமல் படிப்பாள்.

“ஊ போட்டது சரிதான். ஆனா ஆடுறவங்க கட்டத்துல உங்க பேர் இல்லையே. ஸயா கட்டத்துல இருக்கு” என்றாள்.

ஸயா என்றால் ஆசிரியர். ஆட்டத்தில் பயிற்சியாளர். பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்.

மறுநாள் புது அணியின் மேலாளரிடம் ஓடினேன். பட்டியல் போய்விட்டது, இந்த வருஷம் மாற்ற முடியாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கையெழுத்து உங்களுடையதுதானே என்று மட்டும் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவுக்காகவே அவரை ஓர் அறை விடலாம் போலிருந்தது. தெரிந்துதான் செய்தார்கள். நான் எதற்கு மயங்குவேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அலோன்காரர்களோடு ஆட்டம் வந்தது. மனைவியும் பார்க்க வந்திருந்தாள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் பெஞ்சில் இருந்தேன். நாங்கள் மட்டை பிடிக்கும் கடைசி முறை. ஓர் ஓட்டம் பின்னால் இருந்தோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓட்டத்தை முடிக்காமல் பாதி வழியில், தளங்களில் நின்றார்கள். என் இடத்தில் மட்டை பிடித்தவன் பபேடானில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். இடுப்பைத் திருப்பி அடிக்கும் விதம் அப்படியே என்னுடையது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் திறந்தேன். பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டிருந்தது. ஜெயித்துவிட்டோம். ஆடியவர்கள் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். அலோன் தலைவர்கூட வந்து கைகொடுத்து, “எல்லாம் நீங்க போட்ட அடித்தளம்” என்றார். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணத பார்த்தேன். அதான் கர்த்தர் கேட்டுட்டார்.”

ஆமாம் என்றேன். அவன் மட்டையில் பந்து படக்கூடாது என்றுதான் ஜெபித்தேன்.