அம்மாவைக் கிடத்த ஓர் இடம்

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எந்த வீட்டுக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பாவம், அவரிடம் ஆத்திரத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீடு சென்னையில், கடலைப் பார்த்த நான்கு பழைய ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் ஒன்றில் இருந்தது. எங்களுடையதையும் சேர்த்து அவற்றில் மூன்றை இடித்தாகிவிட்டது. அங்கே பணக்காரர்களுக்கு அடுக்குமாடி எழும்புகிறது. பின்பக்கமாக எங்களுக்கும் வீடு தருவார்களாம். அதுவரை எங்காவது வாடகைக்கு இருந்துகொள்ளச் சொன்னார்கள். கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததால் அம்மாவோடு ஊருக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து அம்மா இந்த ஊரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். இங்கே காற்றே கிடையாதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாடகை அறைக்குக் கொண்டுவந்த மறுநாளே ஹவுஸ் ஓனர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அம்மாவுக்கு இளநீர் வாங்கிக்கொண்டுதான் வந்தார். வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துப் பேசினார்.

"கோச்சிக்காதம்மா. மூச்சு இருக்கறப்பவே எங்கனா இட்டுனு போய்டு. இங்க ஒன்னு ஆயிடிச்சின்னா மாடில இருக்கற பசங்கல்லாம் காலி பண்ணிடுவானுங்க. அப்புறம் எவன் குடி வருவான்?"

வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? பெற்றவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, அவள் சாக இடம் கேட்டுப் போன் மேல் போன் போட்டேன். சொந்தக்காரர்களும் எங்களைப் போலவே வாடகைக்குச் சிதறிப் போனவர்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஹவுஸ் ஓனரைச் சொல்லி அழுதார்கள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கடைசியில் ஒரு வேனைப் பிடித்து அம்மாவை ஏற்றி, பழைய இடத்துக்கே போகச் சொன்னேன். அங்கே போய் எங்கே இறக்குவது என்று எனக்கே தெரியாது.

இடித்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். தகரம் முழுக்க வரப்போகிற அடுக்குமாடியின் படம். கடலுக்கு எதிரிலேயே நீச்சல் குளம்! கடல் என்ன கடிக்கவா செய்கிறது? வாயில் கெட்ட வார்த்தை வந்தது.

இடிக்காமல் மிச்சமிருந்த நாலாவது பிளாக்கின் கீழ்வீட்டில் ஒரு கிழவி இருந்தாள். குழாயடியில் அம்மாவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டவள். இருவருக்கும் பேச்சே கிடையாது. வெளியே வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் போய், கட்டில் மேலிருந்த துணிகளை வாரித் தரையில் போட்டாள்.

"இங்க கொண்டாந்து போடு. அவ வேற எங்க போய் சாவா?"

மறுநாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள். குளிப்பாட்டி, தலை வாரிப் பூ வைத்ததெல்லாம் அந்தக் கிழவிதான். சுடுகாட்டுக்கு எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டாள். நான் அவள் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அந்த பிளாக்கையும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டதாம். அவள் மகன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் மண்ணூரில் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறானாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"அந்தாண்ட ஹவுஸ் ஓனருங்க எப்டி? சாவ வுடுவாங்களா?"