நடுங்கும் கைக்கு ஒரு பொன்னாடை

விசைத்தறிக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்று வேலை பார்த்ததில் என் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சடை பின்னி விடுவதற்குக்கூட மகள் வேண்டும். அவள் கல்யாணமாகிக் குருவிகுளம் போன பிறகு, இடது கையால் முடியை எப்படியோ சுருட்டி ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போவேன். ஆஸ்பத்திரியில், "கைய அசைச்சுக்கிட்டே இருங்கம்மா" என்றார்கள். அசைத்து அசைத்துத்தானே இப்படி ஆனது என்று எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருச் சமுதாயக் கூடத்தில் ஓர் அறக்கட்டளை ஆட்ட வகுப்பு ஆரம்பித்தது. சங்கரன்கோவிலில் யார் வேண்டுமானாலும் வரலாம், வயது கணக்கில்லை என்றார்கள். கும்மியும் கோலாட்டமும். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை; எங்கள் எல்லோருக்கும் டீச்சர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து எழுபது தாண்டியவர்வரை இருபது பேர் சாயங்காலம் வட்டமாக நிற்போம்.

எனக்கு இடப்பக்கம் நின்றவர் முன்பு ராஜபாளையம் பஸ் ஓட்டிய டிரைவர் அண்ணாச்சி. நடுக்குவாதம். கை நடுங்குவதைவிடக் கால்தான் அவருக்குப் பெரிய தொல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசற்படியில் கால் எழும்பாமல் அப்படியே நிற்பார். டீச்சர் கோலைத் தட்டித் தாளம் கொடுத்தால் மட்டும் கால் கிளம்பிவிடும். முதல்முறை அப்படி நடந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"செல்ஃப் எடுக்காத வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ண மாதிரில்லா இருக்கு தாயி!"

அவருடைய கோல் என் கோலில் படாமல் பல நாள் என் விரலில் பட்டிருக்கிறது. வலிக்கும். அதற்காக நான் இடம் மாறியதில்லை. அவர் தாளத்துக்குக் காத்து நின்று அடிப்பதற்குள், என் கை தூக்கிய உயரத்திலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். அப்படித்தான் என் தோளும் இளகியது. நாலைந்து மாதத்தில் என் சடையை நானே பின்னினேன்.

பிறகு ஆண்டு விழா வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை, வேட்டி கொடுத்தார்கள். ஒத்திகையை செல்போனில் படம் எடுத்துப் பார்த்த அறக்கட்டளைக்காரர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாகத்தான். ஆனால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அந்தப் பெரியவர் கைதான் மேடம் வீடியோவுல தெரியுது. பாக்கவங்க கண்ணு அங்கதான் போகும். அவரைக் கௌரவமா முன்வரிசையில உக்கார வச்சிருவோம்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் இரண்டு கோலோடு நின்றேன். எனக்கு வாய் இல்லையா? தறிக்கூடத்தில் மேஸ்திரியையே எதிர்த்துக் கேட்டவள்தான். அன்றைக்கு ஒரு சொல்கூட வரவில்லை. இத்தனை நாள் கழித்தும் அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

விழாவன்று அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் நின்ற இடத்தில் எங்கிருந்தோ கூட்டிவந்த ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். அழகாக ஆடினாள். ஒரு அடிகூட என் விரலில் படவில்லை. மேடையிலிருந்து பார்த்தேன். சால்வைக்குக் கீழே அண்ணாச்சியின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, எல்லா வயதினருக்கும் மகிழ்ச்சி என்று முழங்கினார். நாங்கள் கடைசி அடிவரை ஆடி முடித்துக் கும்பிட்டோம்.

அடுத்த வாரம் அண்ணாச்சி வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, எனக்கு மதினி, "வெளியவே வர மாட்டேங்காரு. காலும் முன்னைய விட மோசமா ஒட்டுது" என்றார்.

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணாச்சி வரல?"

"ரிட்டயர் ஆன அன்னைக்கும் இப்படித்தான் தாயி, சால்வையப் போட்டு உக்கார வச்சாங்க. இனிமே நீ வண்டியத் தொடாதன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கிருந்து நேராகச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். அறக்கட்டளைக்காரர் விழாப் படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சரும் இருந்தார்.

"சார், இந்த வகுப்பு யாருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தாம்மா."

"எல்லாருக்கும்னா கை நடுங்குதவருக்கு இல்லியா? கை நல்லா இருந்தா அவரு ஏன் இங்கன வரணும்? நான் ஏன் வரணும்?"

"பாசிட்டிவா பாருங்கம்மா. அவரைக் கௌரவப்படுத்தத்தானே செஞ்சோம்?"

"அந்தக் கௌரவத்த நீங்களே போத்திக்கோங்க. அவரு வீட்ல முடங்கிக் கிடக்காரு. கால் எழும்ப மாட்டேங்கு. போய்ப் பாத்தீங்களா?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். இவளைச் சமாளியுங்கள் என்பது போல. நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டீங்களே டீச்சர். நானும் அப்படித்தான் நின்னேன். ரெண்டு பேரும் சேந்துதான் அவர உக்கார வச்சோம்."

டீச்சர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவரே அண்ணாச்சியின் வாசலில் வந்து நின்று கோலைத் தட்டினார். அரை மணி நேரம் தட்டினார். மதினி கையைப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்.

இப்போது வாரம் இரண்டு நாள் அந்தத் தெருவிலேயே ஆடுகிறோம். ஒன்பது பேர்தான். மற்றவர்கள் கூடத்திலேயே இருந்துவிட்டார்கள். அங்கே மின்விசிறியும் ஸ்பீக்கரும் இருக்கின்றன, புதிதாக ஒரு மாஸ்டரும் வந்திருக்கிறார். எங்கள் நடுவே பைக் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மாடியிலிருந்து சிலர் படம் எடுத்துச் சிரிக்கிறார்கள். அண்ணாச்சிக்கு நோய் குறையவில்லை. சில நாள் பாதி ஆட்டத்திலேயே நின்றுவிடுவார். அவர் கால் கிளம்பும்வரை நாங்களும் நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருப்போம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அறக்கட்டளை ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறது. நடுவில் என் படம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் படத்தை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன். "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்கிறார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் மூன்றாம் முறை போகப்போகிறேன்.