உப்புக் காய்ப்பு என்றே நினைத்தேன்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் எங்களுக்குக் கை காய்த்துப்போவது சகஜம். அதனால் இரண்டு உள்ளங்கைகளிலும் பரு பருவாகத் தடித்தபோது நான் பொருட்படுத்தவில்லை. ஒரு தடிப்பு புண்ணாகி ஆறாமல் போன பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சதையை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, தோல் புற்றுநோய் என்றார். "வருஷக்கணக்கா நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

வீசிங்குக்காக எங்கள் ஊர் வைத்தியர் கொடுத்துவந்த பொடியைக் காட்டினேன். அவரைச் சொந்த அண்ணனாக நினைத்து நம்பியிருந்தேன். சோதித்ததில் அந்தப் பொடியில் ஆர்சனிக் இருந்தது. அந்த நஞ்சு பல வருடங்கள் உடம்புக்குள் போனால் முதலில் உள்ளங்கை இப்படித்தான் தடிக்குமாம். பிறகு அதிலேயே புற்று வரலாமாம்.

நேராக வைத்தியர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் காலேஜ் படிக்கும் அவர் மகள், மூச்சிரைக்க இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, உங்க பொடிய இவளுக்குக் குடுக்கலயா?"

"அது சின்னப் பொண்ணும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓங்கி அறையத்தான் நினைத்தேன். கையில் கட்டு.

அவரிடம் முதல் பொட்டலம் வாங்கியபோது எனக்கும் அந்த வயதுதான்.