பச்சை மை வாக்காளர்

"பென்சில் தப்புப் பண்றவங்களுக்குக் கண்டுபிடிச்சது. என் உயிர் இருக்கிற வரைக்கும் அதைக் கையால தொடமாட்டேன்!"

எங்கள் பேனா டாக்டர் இப்படிச் சூளுரைத்தபோது கடையில் சாட்சிக்கு நான்கு பேர் இருந்தோம். மைப் பேனாவின் அடைப்பை நீக்கி, நிப்பை நிமிர்த்தி உயிர் கொடுப்பவர் அவர். சொந்தப் பேனாவில் பச்சை மை தவிர வேறெதுவும் ஊற்றமாட்டார்.

வார்டு தேர்தல் வந்தது. தையற்கடை நடத்தும் அவர் மனைவி நின்றார். எதிர்த்து நின்றவர் அம்மையாரின் சொந்த அண்ணன், இரும்புக்கடைக்காரர். தெருமுனையில் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்பது தங்கையின் ஒரே கொள்கை. குழாய் வந்தால் தன் லாரியை எங்கே நிறுத்துவது என்பது அண்ணனின் அரசியல் தத்துவம்.

வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால், குறி போடுவதற்கென்று நூலில் கட்டிய பென்சில் கிடந்தது. டாக்டர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து, மனைவிமேல் வைத்திருந்த அன்பு மொத்தத்தையும் மையாக இறக்கிக் குறி போட்டார். காயும் முன்னே சீட்டை மடித்தார்.

எண்ணினார்கள். இருவரும் சமம். பாக்கி ஒரே ஒரு சீட்டு. அதிகாரி அதை விரித்தார். இரண்டு கட்டத்திலும் ஒரே அளவில் ஒரு பச்சைக் குளம்.

"செல்லாது. இருவரும் சமம்தான். மறுவாக்குப் பதிவு நடத்தணும்" என்றார் அதிகாரி.

இரும்புக்கடைக்காரர் ஓடிவந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார். "மாப்ளே! சொந்தம்னா நீதான்யா!"

"இது ரகசிய வாக்கு. யார் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று டாக்டர் விறைத்தார்.

"அதானே!" என்றார் மனைவி, மிக மரியாதையாக. "பச்சை மை இந்த ஊர்ல யார்கிட்டதான் இல்லை? அந்த மகராசன் மறுபடி வந்து ஓட்டுப் போடட்டும். அப்புறம் வீட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு அவரே யோசிச்சுக்கட்டும்."

மறுவாக்குப் பதிவில் அம்மையார் ஜெயித்ததும், குழாயில் தண்ணீர் வந்ததும், முதல் குடத்தை அண்ணனே பிடித்துக்கொண்டு போனதும் ஊரறிந்த வரலாறு. வரலாறு கோட்டைவிட்ட சங்கதி ஒன்று உண்டு. மறுவாக்குப் பதிவன்று வரிசையில் டாக்டருக்கு அடுத்து நின்றவன் நான்.

திரைக்குள் போனவர் வெளியே வருவதாகத் தெரியவில்லை. உள்ளே நூல் இழுபடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் திரையோரம் ஒரு தலை நீண்டு, அதிகாரியிடம் கிசுகிசுத்தது:

"சார்... கொஞ்சம் அழுத்திட்டேன் போல. முனை ஒடிஞ்சிடுச்சு. வேற பென்சில் இருக்கா?"