மூன்று கத்திகளும் முகம் தெரியாத ஓர் அத்தையும்

கத்தியின் கூர்முனையை, மெஷின் எதுவும் இல்லாமல், பத்தே நிமிடத்தில் சுண்டுவிரல் நுனி போல வழவழவென்று உருட்டிவிட முடியுமா? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய், பிசாசு, காற்று, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. வேதியியல் படித்தவள். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னால், அதை ஜூஸ் போட்டால் வைட்டமின் சி கிடைக்குமே என்று சொல்லி நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். என் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் மேல்தான். பிளக் பாயின்ட், மூடாத தண்ணீர்த் தொட்டி, தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடிய முழு திராட்சை. என் மகள் தாருவுக்கு மூன்றரை வயது. அவள் கண்ணெதிரே திராட்சையை நாலாக நறுக்காமல் யாரும் சாப்பிட முடியாது எங்கள் வீட்டில், அவள் அப்பா உட்பட.

அப்படிப்பட்டவளிடம் என் கணவர் ஒருநாள், ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறோம் என்றார். விறகு வெட்ட, கயிறு அறுக்க, காய் நறுக்கக் கத்தி வேண்டும், அதை மட்டும் நீ பார்த்து வாங்கு என்றும் சொன்னார். மூன்று வாரம் ஆனது எனக்கு. வீடியோக்கள் பார்த்தேன், நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். கைப்பிடிக்குள் இரும்பு முழு நீளத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் விறகில் அடிக்கும்போது உடைந்து பறக்கும். துருப்பிடிக்காதது என்றால் கூர் சீக்கிரம் போகும், கூர் நிற்பது என்றால் துருப்பிடிக்கும். மடக்குகிற கத்திக்குப் பூட்டு இருந்தே ஆக வேண்டும். கடைசியில் ஒரு மடக்குக் கத்தி, உறையோடு ஒரு சாண் கத்தி, எங்கள் ஊர் மார்க்கெட் பக்கம் பட்டறையில் அடித்து வாங்கிய ஒரு கொடுவாள், ஆக மூன்று.

"இன்னா கவி, கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கிற மாதிரி கத்தி எடுக்கிற?" என்றார் அவர்.

"பொடவ கிழிஞ்சா வேற எடுத்துக்கலாம்ங்க. வெரலு?"

இவ்வளவு பார்த்து வாங்கியும் எனக்குத் திருப்தி இல்லை. வாங்கிய பிறகுதான் சந்தேகமே அதிகமானது. நேராக மலைக்குப் போகாமல் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம், அதில் தாருவுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் மலைப் பயணம் ரத்து என்று நிபந்தனை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமுக்கூடல் பக்கம் பாலாற்றங்கரைக்குப் போனோம். பட்டப்பகல், பதினொரு மணி. அமாவாசை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. ஆற்றில் தண்ணீர்கூட ஓரமாகத்தான் ஓடியது.

புங்க மரத்தடியில் பாய் விரித்தோம். மூன்று கத்திகளையும் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, தாருவுக்கு எட்டாத கிளையில் மாட்டினேன். மாட்டினேன் என்று சத்தியம் செய்வேன். ஜிப்பை இழுத்தேனா என்று கேட்டால் சத்தியம் செய்ய ஒரு நிமிடம் யோசிப்பேன்.

அப்போது ஒரு குரங்கு வந்தது. புளிசாதத்தை எடுத்திருந்தால் விட்டிருப்பேன். அது எடுத்தது முதலுதவிப் பையை. யாருக்காவது கத்தி பட்டுவிட்டால் போடுவதற்காக நான் பஞ்சு, மருந்து, கட்டுத்துணி எல்லாம் அடுக்கி வைத்திருந்த பை. கத்தி இருக்கிற இடத்தில் மருந்து இல்லையென்றால் எப்படி? என் கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பத்து நிமிடம் துரத்தினோம். குரங்கு கட்டுத்துணிச் சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடியதில், எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுவது போல ஆற்று மணலில் வெள்ளைத் துணி நீண்டுகொண்டே போனது. நான் அதைச் சுருட்டிக்கொண்டே ஓடினேன். பாதி சுருட்டும்போதுதான் உறைத்தது. மூன்று கத்தி, ஒரு குழந்தை, பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பி ஓடிய அந்தத் தூரத்தை நான் இப்போது எழுதப் போவதில்லை.

தாரு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். முழுப் பழமாகக் கொண்டுவந்தது எட்டுத் துண்டாக, ஒரே அளவில், விதை நீக்கி இருந்தது. அவள் எதிரே மூன்று கத்திகளும் வரிசையாக. பை கிளையில்தான் தொங்கியது, ஜிப் இழுத்தபடி. அவள் கை, கால், வாய், காது எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"யாருடா கண்ணா கட் பண்ணிக் குடுத்தாங்க?"

"அத்த."

"எந்த அத்த?"

"புது அத்த." பிறகு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல விரல் நீட்டிச் சொன்னாள். "மடக்குற கத்தி வேணாமாம். வெரல கடிச்சிடுமாம். பெரிய கத்தி அப்பாவுக்கு சும்மா வெயிட்டாம். இதான் நல்ல கத்தியாம். ஆனா மூக்கு குத்துமாம். அதான் தேச்சுக் குடுத்தாங்க."

அவள் காட்டியது உறைக் கத்தி. அதன் முனை இல்லை. உடைந்திருக்கவில்லை, நேர்த்தியாக உருண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதியதை யாரோ ஒருத்தர் பத்து நிமிடத்தில் திருத்திவிட்டுப் போனது போல.

கையை நீட்டி, "அம்மாகிட்ட குடு" என்றேன். அவள் கத்தியை என் கையில் தரவில்லை. பாயில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "கையில குடுத்தா சண்ட வருமாம். நீயா எடுத்துக்கோ." கத்தியைக் கீழே வைத்துத்தான் தர வேண்டும் என்ற பழக்கம் பல வீடுகளில் உண்டு, எங்கள் வீட்டில் கிடையாது. நான்தான் அதையும் மூடநம்பிக்கை என்று நிறுத்தியிருந்தேனே.

பாதையோரம் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரைக்கு அது ஒன்றுதான் வழி. ஓடிப்போய்க் கேட்டேன்.

"யாரும் வர்லமா. நானு இங்கயேதான குந்திக்கினு இருக்குறேன்."

"ஒரு பொம்பள... கொழந்த கிட்ட..."

"எனக்கு எங்கமா அங்க பாக்க நேரம்? நீ கொரங்கு பின்னால துணி சுத்திக்கினு ஓடுனத பாத்துக்கினு இருந்தேன். எங்க ஆடே மேயாம பாத்துக்கினு நின்னுச்சு."

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் இருக்கிறார். இரும்பை அறுப்பதும் தேய்ப்பதும் அளப்பதுமே அவர் வேலை. கத்தி முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிரைண்டர்ல போட்டா சூட்டுல நெறம் மாறியிருக்கும் கவி. இது கல்லுல தண்ணி வுட்டுத் தேச்சது. ரெண்டு மணி நேர வேல." பிறகு, "ஃபினிஷிங் சூப்பர்" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அத்தோடு முடிந்திருந்தால் ஏதோ வெயில் மயக்கம் என்று விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பட்டுப்புடவையில் சேஃப்டி பின் இறங்கவில்லை. பெட்டியில் இருந்த பத்துப் பின்னும் இறங்கவில்லை. முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் மண்டபத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தரிக்கோல் முனை, முள்கரண்டி, ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் உருண்டிருந்தன. ஆனால் மேல் தட்டில் இருந்தவை அப்படியே கூராக இருந்தன. படித்தவள் இல்லையா, இஞ்ச் டேப் எடுத்து அளந்தேன். தரையிலிருந்து தாரு கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரைதான். அதற்கு மேல் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நாத்தனார் தாயத்துக் கட்டச் சொல்கிறார். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தாரு பிறந்த பிறகு முதல்முறையாக இந்த இரண்டு மாதம்தான் இடையில் எழுந்து பார்க்காமல் தூங்குகிறேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, எட்டாத உயரம் என்று நான் குறித்து வைத்திருந்த தட்டில் ஊசி டப்பாவைத் திறந்தேன். எல்லா ஊசியும் மொக்கை. கணக்குத் தப்பிவிட்டதே என்று தாருவைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னேன். அவள் விரல் டப்பாவைத் தொட்டது. குழந்தை ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறாள். தினமும் குளிப்பாட்டுகிற எனக்குத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை ஜவ்வாது மலை. கீறல் விழவில்லை, நிபந்தனைப்படி போயே ஆக வேண்டும் என்கிறார் கணவர். புதிதாக ஒரு கூர்முனைக் கத்தி வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. வாசகர்களில் குழந்தையோடு காட்டில் தங்கிய அம்மாக்கள் இருந்தால் எழுதுங்கள். நான் வாங்கிய கத்தியை எடுத்துப்போவதா, அந்த அத்தை தேய்த்ததையா? தேய்த்ததை எடுத்துப்போனால், கூடவே வரக்கூடிய அந்த அத்தையிடம், போய்விடுங்கள் என்று சொல்வதா, தாருவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா?